இருக்கை வார்ப்பு

முதலில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பை.
அதற்குள் இரண்டு திரவங்கள்.
கலந்ததும் நுரைத்துப் பொங்கும்,
கால்மணி நேரத்தில் இறுகும்.
அதுவரை அவர் அசையக் கூடாது.

"மூச்சு விடலாமா?" என்றார் நெரேயோ இசகிர்ரே.
"கொஞ்சமாக" என்றேன்.

பதினேழு வருடம்
இந்த மனிதரின் டயர் வெடிக்க வேண்டுமென்று
மெழுகுவத்தி ஏற்றிய வீடு எங்களுடையது.

ஒலவாரியாவில் சிவப்பு வீடுகள் உண்டு,
பச்சை வீடுகள் உண்டு.
சுவரின் நிறத்தைச் சொல்லவில்லை.
எந்த அணியின் காருக்குத் தொண்டை கிழியும்
என்று விசாரித்துவிட்டுத்தான் பெண் கேட்பார்கள்.
என் சித்தி ஒரு பச்சைக்காரனைக் கட்டிக்கொண்டாள்;
பந்தய ஞாயிறுகளில் அந்த வீட்டில்
இரண்டு அடுப்பில் இறைச்சி வேகும்.

அப்பா அவர் பெயரைச் சொன்னதே இல்லை.
"அந்தப் பச்சை", அவ்வளவுதான்.
ரேடியோவில் அந்தப் பச்சை முந்தும்போதெல்லாம்
மாத்தே குவளையை மேஜையில் குத்துவார்.
பிறைபிறையாய்த் தடங்கள் இன்னும் இருக்கின்றன.
போன ஜூனில் செத்துப்போனார்.
சிவப்புக் கழுத்துத்துணியோடு புதைத்தோம்.
ஆகஸ்டில் செய்தி வந்தது,
அடுத்த பருவம் இசகிர்ரே சிவப்புக்கு.
இரண்டே மாதம்.
அப்பா தப்பித்தாரா தவறவிட்டாரா,
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நுரை சூடாகிறது.
இடது தோள் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கிறது.
முதுகின் வலப்பக்கம், மூன்றாவது விலாவில்
ஒரு முடிச்சு.
எனக்குத் தெரியும் அதை.
ஆறு வருடம் முன், இரண்டாவது வளைவில்,
எங்கள் கார்தான் இடித்தது.
அன்று இரவு தெருவில் பட்டாசு வெடித்தோம்.
இப்போது அந்த முடிச்சுக்கு
நுரையில் ஒரு குழி நான் செதுக்க வேண்டும்.

"இங்கே வலிக்குமா?"
"பிரேக் அடிக்கும்போது மட்டும்."

கூடு விட்டுக் கூடு பாய்கிறவன்
உடம்பைப் போட்டுவிட்டுத்தான் போவான் என்பார்கள்.
இவர் உடம்போடு வந்திருக்கிறார்.
நாற்பத்தாறு வயது உடம்பு.

பணம், என்றன பத்திரிகைகள்.
அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தொப்பிகளைப்
பச்சைக்காரர்கள் மூட்டை மூட்டையாக
அவர் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்களாம்.
அவர் மனைவி ஐல்தா அவற்றைத் துவைத்து
அடுக்கி வைத்திருக்கிறாள்.
எதற்கென்று அவளுக்கும் தெரியவில்லையாம்.

நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்,
கூரையைப் பார்த்தபடி, அசையாமல்:
"ரெண்டு வருஷமா,
இறங்கி வந்து, வளைவுல வண்டி இழுக்குதுன்னு சொன்னா
சரி சாம்பியன், சரி சாம்பியன்னாங்க.
யாரும் எழுதிக்கல."

பிப்ரவரி. முதல் பந்தயம்.
தார் உருகி ஷூவில் ஒட்டும் வெயில்.
பதினான்காவது சுற்றில் டயர் மாற்ற உள்ளே வந்தார்.
எங்கள் இடம் வரிசையில் கடைசி.
பச்சையின் இடம் நடுவில்.

நடுவிலேயே கார் வேகம் குறைத்தது.
மூக்கு வலப்பக்கம் திரும்பியது.
பதினேழு வருடக் கை, வேறென்ன செய்யும்.

அதைவிட,
பச்சைப் பையன் ஒருவன்,
எத்செகோயென் என்று சட்டையில் எழுதியிருந்தது,
துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து
முன்சக்கரம் நிற்கும் இடத்தில்
மண்டியிட்டான்.

அரை நொடி இருக்கும்.
கார் நெளிந்து நிமிர்ந்து எங்களிடம் வந்தது.
நான்கு நொடி போயிற்று. ஆறாம் இடம்.
நான் சக்கரத்தைக் கழற்றும்போதும்
அந்தப் பையன் எழுந்திருக்கவில்லை.
அவன் தலையில் யாரோ ஹெல்மெட்டோடு தட்டினார்கள்.
அரங்கின் இரண்டு பக்கமும் ஊளையிட்டது.
இரண்டும் அவருக்கே.

சாயங்காலம் எங்கள் கூடாரத்தில்
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து நின்றார்.
முதுகில் நான் செதுக்கிய குழியின் விளிம்பு
சிவந்து பதிந்திருந்தது.
இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும்.

"மூணாவது வளைவுல பின்பக்கம் விலகுது" என்றார்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

காதிலிருந்து பென்சிலை எடுத்தேன்.
"எவ்வளவு?"

யோசித்தார்.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
காட்டினார்.