417-ஆம் எண் படம்

இல்கா பரபாஷ் கூலிக்கு முகம் வரைந்தவள்:
நீதிபதிகள், அவர்கள் மனைவியர், ஒரு பல்வைத்தியர்.
பிறகு புடாபெஸ்ட் ஸ்டூடியோவில்
ஒட்டுப்பலகை மாளிகைகள்,
சாய்ந்தால் சரியும் பளிங்குத் தூண்கள்.

ஒரு படத்தில் சுவருக்கு மூதாதை வேண்டியிருந்தது.
யாராயிருந்தாலும் சரி என்றார் இயக்குநர்.
டோன் நதிப் பனிக்குப் போய்த் திரும்பாத
தம்பி தெஷோவை வரைந்தாள்,
இருபத்திரண்டு வயது முகத்தில்
நரைத்த தாடி.

திரையில் மூன்று நொடி. அதுவும் கலங்கலாய்.

பொருளறைச் சாவி என்னிடம்.
அதன்பின் அவன் கோமகன் ஆனான்,
சர்க்கரை ஆலை முதலாளி ஆனான்,
நகைச்சுவைப் படமொன்றில் மூக்கில் அம்பு வாங்கினான்.
ஒவ்வொரு முறையும் அவளே வந்து
மீசையை மாற்றுவாள், ஓட்டையை அடைப்பாள்.
கண்ணைத் தொடமாட்டாள்.

ஓய்வுபெற்ற அன்று சொன்னேன்,
எடுத்துப் போங்களேன்.

"வீட்டில் என்ன வேலை அவனுக்கு?
இங்கே வருஷத்துக்கு இரண்டு படம் கிடைக்கிறது."