எட்டில் செவ்வாய்

குறிப்பு மூன்றாம் முறையும் திரும்பி வந்தது.
"எட்டில செவ்வாய், பிள்ளை. அவையள் பயப்பிடுகினம்"
என்று சபாநேசன் புரோக்கர் போனில் சொன்னபோது
கரிப்பட்டமுறிப்புக் காட்டோரம்
முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப்
பத்து நிமிட ஓய்வில்
பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன்.
"சரி அண்ணை" என்றேன்.
சீனி கரையாமல் அடியில் கிடந்தது.

பிறகு மறுபடி முழந்தாள்.
ஒரு மீற்றர் அகல ஒழுங்கை,
இரு கரையும் சிவப்புத் தலைத் தடிகள்.
கருவி கீச்சிட்ட இடத்தைப்
பக்கவாட்டில் இருந்துதான் சுரண்ட வேண்டும்,
மேலிருந்து ஒருபோதும் கூடாது.

எட்டாம் இடத்தை ஆயுள் என்பார்கள், மாங்கல்யம் என்பார்கள்.
அதற்கு மறைவிடம் என்றும் ஒரு பேர்:
மூடியது, புதைந்தது,
யாரோ வைத்துவிட்டு மறந்துபோனது.
செவ்வாய் பூமிகாரகன்.
இரும்பு அவனுடையது, நெருப்பும்.
இடபம் மண்ராசி.
மண்ணுக்குள், மறைவில், இரும்பும் நெருப்பும்.
என் கட்டத்தைக் கீறியவன்
இந்த ஒழுங்கையைப் பார்த்துத்தான் கீறியிருக்கிறான்.
மாப்பிள்ளை வீட்டார் மரணம் என்று வாசித்த வரியில்
எனக்கு நியமனக் கடிதம் இருக்கிறது.

பிறந்த நேரம் அம்மாவின் கணக்கு:
தை மாதத்து நடுச்சாமம், ஹெலி சுற்றிப் போனபிறகு.
ஹெலி அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால்
லக்கினம் மாறியிருக்கலாம்,
செவ்வாய் ஏழுக்கு வந்திருக்கலாம்.
அந்த வேறொருத்தியை நான் சில இரவுகளில் நினைப்பதுண்டு.
அவளுக்கு மருதாணி பிடிக்கும்.

நாலில் சனி.
நாலு என்றால் வீடு, காணி, தாய்.
பதினெட்டு வயதுக்குள் பதினொரு இடம் மாறினோம்.
கணக்கு எழுதியவன் அவன்தான், மறுக்கவில்லை.
ஆனால் அவனை மந்தன் என்றும் சொல்வார்கள், மெல்ல நடப்பவன்.
வேலைக்கு வந்த முதற்கிழமை
அவசரப்பட்ட என் மணிக்கட்டை
உள்ளிருந்து பிடித்து நிறுத்தியவனும் அவனே.
வெய்யில் உச்சியில் நிற்க
நாளைக்கு நாலு சதுர மீற்றர்.
முப்பது வருசத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறவனுக்கு
அதுவே ஓட்டம்.

செவ்வாய்க்குச் சகோதரகாரகன் என்றும் பட்டம் உண்டு.
அந்த வரியை நான் தாண்டிப் போய்விடுவேன்.

தாண்டினாலும் இராகு விடான்.
அவன் தலை மட்டும், உடல் இல்லை.
சனியோடு நாலில், தாயின் வீட்டில் இருக்கிறான்.
அம்மாவின் கைப்பையில், பிளாஸ்ரிக் உறைக்குள்,
தம்பியின் பாஸ்போட் அளவுப் படம்:
கழுத்தோடு முடிகிறது.
கேது பத்தில், தொழிலில்.
அவனுக்கு உடல் மட்டும், தலை இல்லை.
போன ஆவணியில்
நாற்பது சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு முழங்கை எலும்பு கண்டேன்.
வேலை நின்றது. நாடா கட்டினார்கள். நீதவான் வந்தார்.
மருத்துவப் பெட்டியோடு நின்ற றொசில்டா சிலுவை போட்டாள்.
யாருடையது என்று
எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.
அம்மாவுக்கு நானும் சொல்லவில்லை.
கேதுவோடு குரு உச்சத்தில் இருக்கிறாராம்.
இருக்கட்டும்.

கிரகங்கள் நமக்கு ஏதும் செய்கின்றன என்று
நான் இப்போது நினைப்பதில்லை.
அவ்வளவு தூரத்தில் இருந்து யாருக்கு என்ன அக்கறை.
எனக்குள் ஒன்பது பேர் வேலைக்கு நிற்கிறார்கள்.
காலையில் யாரைக் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி.
இன்றைக்கு மந்தன்.

தூரிகையால் மண்ணைத் தள்ளினேன்.
துரு தெரிந்தது. மூச்சை வைத்துக்கொண்டு
விளிம்பைத் தேடினேன். வட்டமில்லை.
இரண்டு தகடு, நடுவில் ஊசி:
ஒரு கதவுப் பிணைச்சல்.

இந்தப் பற்றைக்குள் ஒரு வீடு இருந்திருக்கிறது.
வாசல் இந்தப் பக்கம் பார்த்திருக்கும்.

பிணைச்சலை இரும்பு வாளிக்குள் போட்டேன்.
தடியைப் பிடுங்கி
இன்னுமொரு சாண் முன்னால் நட்டேன்.