பதினைந்து கார்பன்

பள்ளத்தூர் ஊருணியின் கீழ்க்கரையில்
படிக்கல் பெயர்ந்த இடத்தில்
ஒரு கரண்டிச் செம்மண் எடுத்தேன்.
பதினொரு மணிக்கே மண்டையைப் பிளக்கும் சித்திரை.
கவரில் தேதி எழுதினேன், ஆழம் எழுதினேன்.
பக்கத்தில் ஆடு மேய்த்தவர்
"புதையலா?" என்று கேட்டதை எழுதவில்லை.

காரைக்குடியில், மாடி ஆய்வகத்தில்,
அந்த மண்ணிலிருந்து எழுந்து வந்தது ஒன்று.
தட்டில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி
வெள்ளையாய், முரடாய், அகரைக் கவ்விக்கொண்டு.
ஊசியால் நெம்பினாலும் லேசில் பெயராது.
ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்பது குடும்பப் பெயர்.
நாங்கள் வைத்தது ப-47.

இன்குபேட்டரைத் திறந்தால் புதுமழை வாசம்.
கதவிடுக்கில் நுழைந்து அது நடைக்குப் போகும்,
நடையிலிருந்து படிக்கட்டுக்கு.
குடுவை கழுவும் சவரிராயன்
கையில் நுரையோடு கீழே ஓடுவார்,
தன் எக்ஸெல் வண்டியின் சீட்டுக்குப்
பாலிதீன் உறை மாட்ட.
வானத்தில் ஒரு கிழிசல் மேகம்கூட இருக்காது.
ஐந்தாவது முறை ஏமாந்தபின்
"ஒங்க பூச்சி பொய் சொல்லுது மேடம்" என்றார்.

பொய் இல்லை.
மண் மணப்பதே இவற்றால்தான்,
மழை வந்து கிளறிவிடுகிறது, அவ்வளவுதான்.
இதை அவரிடம் விளக்கினேன்.
பொறுமையாகக் கேட்டுவிட்டு
உறையைக் கழற்றப் போனார்.

பிறகு கணக்கு.
வட்டியும் ஐந்தொகையும் தெரிந்த ஊரில்
இதைச் சொல்ல வெட்கமில்லை:
உள்ளே நடப்பதும் பற்று வரவுதான்.
பதினைந்து கார்பன் கோத்த ஒரு சங்கிலி,
அதுதான் கையிருப்பு.
அதை மடித்து வாசமாக்குகிறது ஒரு நொதி.
வேறு மாதிரி மடித்தால்
ஒரு வேலிச்செடியின் வேரில் இருக்கும் பொருள்.
கிலோ வேருக்கு ஒரு சிட்டிகைகூடத் தேறாது.
ஆஸ்பத்திரிக் கட்டில்களில்
எதற்கும் அடங்காத கிருமி ஒன்று
அதற்கு அடங்கலாம். அடங்காமலும் போகலாம்.

செடியின் ஜீனைக் கொண்டுவந்து ப-47க்குள் வைத்தோம்.
வேலை செய்தது, சோம்பலாக.
லிட்டருக்கு அரை மில்லிகிராம்.
கையிருப்பெல்லாம் வாசத்துக்கே போயிற்று.

"அப்ப வாசத்த வெட்டிரலாம்,"
நாச்சம்மை சொன்னாள்,
வெளிநடையில் முறுக்கைக் கடித்தபடி.

வெட்டினோம்.
இரண்டாயிரத்துச் சொச்சம் எழுத்துகள்.
ஏழு மாதம், மூன்று தோல்வி,
ஒரு ராத்திரி மின்தடையில் ஷேக்கர் நின்று
காலையில் எல்லாம் புளித்த கஞ்சி.
அடுத்த ஆவணியில் ஒரு தட்டு:
கிருமி விரித்த பாயின் நடுவே
தெளிந்த வட்டம், பதினான்கு மில்லிமீட்டர்.
ஸ்கேலை மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.
மருந்து என்று சொல்ல வாய் கூசுகிறது,
இன்னும் ஓர் எலிகூட இதைத் தின்றதில்லை.
வட்டம். அதைச் சொல்லலாம்.

புது ப-47 வளர்ந்த குடுவையின்
பஞ்சடைப்பை எடுத்து முகர்ந்தேன்.
நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஏதோ,
பிறகு அதுவும் இல்லை.
நாச்சம்மை குறிப்பேட்டில் எழுதினாள்:
வாசனை இல்லை. வெற்றி.
அவள் எழுதியது சரிதான்.
நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

புரட்டாசி, ஒரு வியாழன், நாலு மணி.
நடை முழுக்க மண்வாசம்.
ஓடிப்போய் இன்குபேட்டரைத் திறந்தேன்,
பழைய இனம் எப்படியோ கலந்துவிட்டதென்று.
ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் பிடித்தேன்.
சவரிராயன் தலை நிமிரவில்லை.
குடுவையின் கழுத்தைத் தேய்த்தபடி
"ஒங்க பூச்சிதான்" என்றார்.
"இருக்கும்" என்றேன்.
ஜன்னல் எங்கள் இருவருக்கும் பின்னால் இருந்தது.

சைக்கிள் கொட்டகைத் தகரத்தில்
கல் விழுந்தது போல் முதல் துளிகள்.

அரைமணி கழித்து, வெளிவாங்கியதும்,
அவர் சீட்டின் கிழிசலை அமுக்கிக்கொண்டிருந்தார்.
ஸ்பாஞ்சு தான் குடித்ததைக்
கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தது.
"அந்தப் பழசு, மணக்குறது,
அதத் தூக்கிப் போட்டாச்சா?"
"இல்ல. ஃப்ரீசர்ல, மைனஸ் எம்பதுல இருக்கு."
"இருக்கட்டும்."
மூன்று உதை உதைத்தார்.
நாலாவதில் வண்டி பிடித்தது.
ஈரச் சீட்டில் உட்காராமல்
நின்றுகொண்டே ஓட்டிப் போனார்.