வற்று நேரம்

கம்பாதோஸ் கரையில் இன்று
கடல் வற்றும் நேரம் காலை ஆறு இருபது.
வாளி, இரும்புப் பல்வாரி, தொடைவரை ரப்பர் காலணி.
இடக்கைக்கு மட்டும் ஒரு இறுக்கமான உறை,
நிணக்கணு எடுத்த அக்குளுக்குக் கீழே
கை வீங்காமலிருக்க.

மட்டி வாரும் பெண்கள் முப்பது பேர்.
சேற்றில் குனிந்துவிட்டால் எங்கள் வாய்க்குப் பூட்டில்லை.
"பிராய்ஸ் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள் தொமாசா
போன குளிர்காலத்தில்.
"நல்லாத் தூங்குறான்" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
வேடிக்கைக்காகச் சொல்லவில்லை அதை.

மருத்துவர் எலும்பை விசாரித்தார், ஈரலை விசாரித்தார்,
மாத்திரை தவறுவதில்லையே என்றார்.
தினம் ஒன்று, ஐந்து வருடம்.
உள்ளே ஒரு கடல்
போனது போனதுதான் என்று கிடப்பதை
அவர் கேட்கவில்லை.
கதவுவரை போய்த் திரும்பினேன்.
"என்ன?" என்றார்.
குடை, என்றேன்.
எடுத்துக்கொண்டு வந்தேன்.

பதினான்கு மாதம்
கண்ணாடிச் சாமானைச் சுற்றிப் போவதுபோல்
பிராய்ஸ் என்னைச் சுற்றிப் போனான்.
இரவில் அவன் முதுகு;
மன்னிப்புக் கேட்கிற முதுகு.
நான் விளக்கணைத்தபின் சட்டை மாற்றினேன்.
முத்தம்கூட எதற்கோ முன்பணம் ஆகிவிடுமென்று
கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செவிலி ஐரியாவுக்கு முப்பது வயதிருக்காது.
இரத்தம் எடுக்கையில், ஊசியைப் பார்த்தபடி,
பேருந்து எப்போது என்று கேட்கிற குரலில்
"சேரும்போது வலிக்குதா?" என்றாள்.
அழுதேன். பிறகு சொன்னேன்,
மணற்காகிதம் என்று, நெருப்பு என்று,
அவன்மேல் கோபமில்லை என்று மூன்று தடவை.
அவள் ஒரு தாளில் எழுதினாள்:
ஈரமூட்டும் களிம்பு, ஆசை வந்தாலும் வராவிட்டாலும்.
வழுக்கும் ஜெல், கஞ்சத்தனம் கூடாது.
ஹார்மோன் கலந்தது டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.
கடைசியில், அடிக்கோடிட்டு: அவசரமில்லை.

ஓத அட்டவணைக்குப் பக்கத்தில்
குளிர்ப்பெட்டிக் கதவில் அதை ஒட்டிவைத்தேன்.
பிராய்ஸ் இரண்டையும் வாசித்தான்.
மறுநாள் மருந்துக்கடைப் பையோடு வந்தான்,
காது மடல் சிவந்து.
"மூணு வகை இருந்துச்சு.
எதுன்னு கேக்க வெக்கமா இருந்துச்சு.
மூணையும் வாங்கிட்டேன்."

ஞாயிறு. மழை. விளக்கு எரியட்டும் என்றேன்.
தழும்பின் ஓரமாக ஒரு விரல்
அனுமதி கேட்டுக் கேட்டு நடந்தது.
இங்கே? இல்லை.
இங்கே? இல்லை.
இங்கே?
அடுத்த வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள்.
இங்கே?
விலாவுக்குக் கீழே, ஒரு கையகலம்,
இருபத்தாறு வருடத்தில் அவன் நின்றே பார்க்காத இடம்.
அங்கே இருந்தேன் நான்.

அன்று அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.
மூன்றாவது குப்பி கவிழ்ந்து
விரிப்பெல்லாம் வழுக்கி
கட்டிலிலிருந்து அவன் சரிந்து விழ,
சிரித்த சிரிப்பில்
என் வலப்பக்கம் குலுங்கியது.
இடப்பக்கத் தழும்பும்
தன்னால் முடிந்த மட்டும்.