அடித்துத் திருத்திய பக்கம்

கோயில் கணக்குப் புத்தகத்தில்
இந்த ஒரு பக்கத்தில்தான்
மூன்று தரம் அடித்து எழுதியிருக்கிறேன்.

ஆடியில் பதுளையிலிருந்து வந்தார்கள்.
மழைமானிக்கு மரம் மறைக்காத வெளி வேண்டுமாம்.
மூன்றாம் பிரிவில் அப்படி ஓரிடம்
மாரியம்மன் வாசல் மட்டும்தான்.
கமிட்டி கூடியது. தேத்தண்ணி இரண்டு முறை வந்தது.
கொடிமரத்தைவிட ஒரு முழம் உயரம் என்றார் சடையாண்டி.
ரசாஞ்சலி என்ற அந்தப் பெண்
தமிழைக் கல் கல்லாய் எடுத்துவைத்து,
"மழை முதல்ல இதுல விழணும் ஐயா
கோயில்ல விழுறது பிறகு" என்றாள்.
யாரும் பேசவில்லை.
வெள்ளிக்கிழமை பூசாரி வீரமலை
கம்பத்துக்கும் ஒரு பொட்டு வைத்தார்.
சோலார் தகட்டில் வைக்கப் போனவரை
நான்தான் தடுத்தேன்:
அது வெயில் குடிக்கிற வாய்.

கம்பத்தடியில் பச்சைப் பெட்டி.
பெட்டிக்குள் சங்குக்கு ஒரு பேட்டரி.

நவராத்திரி ஏழாம் நாள்
கரண்ட் போனது. அம்மன் இருட்டில் நின்றாள்.
சீரியல் பல்புக்கு அந்தப் பேட்டரியைக்
கழற்றியவன் நான்.
திருப்பி மாட்டினேன்.
சார்ஜ் ஏற்றவில்லை.

தீபாவளிக்கு அடுத்த வாரம்
வானம் லயத்துத் தகரத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.
இரவு ஒன்றே காலுக்குக் கைபேசியில் செய்தி, சிங்களத்தில்.
எனக்கு எண் மட்டும் புரிந்தது. நூற்றைம்பது.
கீழே பன்சலைக்கு அடித்தேன்.
சுமணதிஸ்ஸ ஹாமுதுரு வாசித்துவிட்டு
ஒரே வார்த்தை சொன்னார்: "இறங்குங்க."

சங்கை அழுத்தினேன்.
பூனைக்குட்டி போல ஒரு சத்தம்; பிறகு அதுவுமில்லை.
ஒலிபெருக்கிக்குக் கரண்ட் இல்லை.
மாயழகு வீட்டுக்கு ஓடினேன்.
அவன் தப்பைக் காய்ச்ச நெருப்பு கேட்டான்.
மழையில் ஏது நெருப்பு?
கேஸ் அடுப்பில் காட்டி
சாவுக்கு அடிக்கிற அடியை அடித்தான்.

ஆறு லயமும் கதவு திறந்தது.
"யாரு? யாரு செத்தது?"
"இன்னும் யாருமில்ல. வாங்க."

வீரமலை மட்டும் அசையவில்லை.
திருவிழா இல்லாமல் அம்மன் வாசல் தாண்ட மாட்டாள் என்றார்.
பிலோமினா, ஜெபமாலை கழுத்தில் கிடக்க, சொன்னாள்:
"அப்ப இண்ணைக்கித் திருவிழான்னு வைங்க."
உற்சவ மூர்த்தியை உரப்பையில் சுற்றி
அவர் தோளிலேயே ஏற்றினோம்.
மூலக்கல்லைத் தொட்டுக் கும்பிட்டு
என்னவோ சொல்லிவிட்டு வந்தார்.
என்ன சொன்னார் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

பண மண்டபத்தில் மூன்று நாள்.
பருப்பும் சோறும்.
புத்தருக்குக் காட்டிய பூ மிச்சம்
உரப்பைக்கும் வந்தது.

மலை விழவில்லை.

மிசின் பொய் சொல்லிச்சு என்றார் சடையாண்டி.
ஆத்தா பிடிச்சுக்கிட்டா என்றார் வீரமலை.
ரசாஞ்சலி எதுவும் சொல்லாமல்
ஐந்தாம் லயத்துக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.
தேயிலை நிரைக்கு நடுவே நிலம் வாய் பிளந்திருந்தது.
இரு பக்கமும் ஆணி அடித்து நூல் கட்டினாள்.
நான்கு விரல்.

இப்போது வீரமலை காலைப் பூசை முடித்து
விபூதிக் கையோடு போய்
நூலை அளக்கிறார். எண்ணை எனக்குச் சொல்கிறார்.
நேற்று நான்கரை.

புது பேட்டரி, பதினெட்டாயிரத்து ஐநூறு.
முதலில் 'திருப்பணி' என்று எழுதினேன். அடித்தேன்.
பிறகு 'எண்ணெய், திரி.' அடித்தேன்.
'நன்கொடை' என்று எழுதியபோது பேனா நின்றது.
அதையும் அடித்துவிட்டு
என் பெயரை எழுதி, பக்கத்தில்
'கடன்' என்று போட்டேன்.

வெளியே தூறல்.
பச்சைப் பெட்டியை இன்னொரு முறை
திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.