மஞ்சள் டப்பா

பகாவ் கடைத்தெருவில்
கோழித் தீவனத்துக்கும் கொசுவர்த்திக்கும் நடுவே
கண்ணாடிப் பெட்டிக்குள் பிளேடுகளைப்
பூட்டி வைத்திருக்கிறார் தவுக்கே ஃபூ,
தங்கம் மாதிரி.
பத்து பிளேடு மூன்று வெள்ளி. மூன்றரை. நான்கு நாற்பது.
"தங்கச்சி, மானா சத்து?" என்கிறார்.
எது என்று தெரிந்தால் ஏன் நிற்கிறேன்?

செனாயிலிருந்து மகள் அனுப்பிய ரேசரில்
ஐந்து வரிசை, வழுக்கும் பட்டை, அதிரும் பேட்டரி.
மாற்றுத் தலை நான்குக்கு முப்பத்தெட்டு வெள்ளி.
நாலு நாள் தாடி அதற்குள் புகுந்துகொண்டு
வெளியே வரமாட்டேன் என்றது.
நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பிவிட்டு
பரஞ்சோதியின் பழைய இரும்பு ரேசரைத்
தேடி எடுத்தேன்.

மில்லில் எடைப் பாலத்துக் கிளார்க் நான்.
லோரி சுமையோடு ஏறும், எழுதுவேன்.
இறக்கிவிட்டு ஏறும், எழுதுவேன்.
கழித்தால் செம்பனைக் குலை.
அதனால் எடைச் சீட்டின் பின்பக்கம்
இந்தக் கணக்கையும் தொடங்கினேன்.

பச்சை: முதல் நாள் மெத்து. மறுநாள் இழுவை.
மூன்றாம் நாள் பென்சில் சீவலாம்.
சிவப்பு: கூர் அதிகம். கழுத்துக்கு வேண்டாம்.
நீலம்: சத்தமே இல்லை. ஐந்து சவரம் தாங்குது.
ஒரு முகத்துக்கு ஒன்பது காசு,
அதிலும் கொஞ்சம் மீதி.

சொல்ல வேண்டியவர் அவர்.
பத்து மாதமாய் அவர் வாய்
வலது பக்கம் சரிந்து கிடக்கிறது.
இடது கன்னத்துக்கு எல்லாம் தெரியும்:
கூசும், விலகும், இமை சுருக்கும்.
அதைப் பார்த்துக் கை தளர்த்துவேன்.
வலது கன்னம் வெட்டினாலும் சொல்லாது.
நுரையில் சிவப்பாய் ஒரு பொட்டு
பரவிய பிறகுதான் எனக்கே தெரியும்.

பிளேடுக்கு இரண்டு விளிம்பு.
ரேசர் தலையின் ஓரத்தில்
நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.
புள்ளி இருக்கும் பக்கம் வலதுக்கு மட்டும்.
இடதுக்கு மற்றது.
மோவாய்க் குழி யாருக்குச் சொந்தம் என்பது
இன்னும் தீராத வழக்கு.

ஒரு மாதக் கடைசி. நீலம் இல்லை.
ஃபூ கையை விரித்தார்.
மஞ்சள் டப்பாதான் இருந்தது,
பத்து பிளேடு ஒரு வெள்ளி இருபது.
மேலே குதிரையோ நாயோ ஒரு படம்.
வாங்கினேன்.

முதல் இழுப்பு, இடது கன்னம்.
மயிரை வெட்டவில்லை, வேரோடு பேரம் பேசியது.
பரஞ்சோதி கண்ணை அகல விரித்தார்.
மூச்சை இழுத்தார்.
சொன்னார்.

முழு வார்த்தை.
பிசிறு இல்லை, குழறல் இல்லை.
சேற்றில் புதைந்த லோரியிடம்
இருபத்தாறு வருஷம் அவர் சொன்ன
அதே வார்த்தை.
கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த
பக்கத்து வீட்டுச் செல்லக்கண்ணு
கிளிப்பைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டாள்.

கோலப்பிலா ஆஸ்பத்திரியில்
தண்ணி, சோறு, வீடு என்று
படம் போட்ட அட்டைகளைத் தூக்கிக் காட்டி
மூன்று மாதம் கெஞ்சியும் வராத வாய்.
நான் சிரித்தேன். அவர் பாதி முகத்தால் சிரித்தார்.
கன்னத்தில் நுரை காய்ந்து பொரிந்தது.

மறுநாளும் மஞ்சள்தான்.
அதே இடம்.
கொஞ்சம் அழுத்தினேன்,
வேண்டுமென்றுதான்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு
என்னையே பார்த்தார்.
பிளேடைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றினேன்.
வெந்நீர் எடுத்துவர வெளியே போனேன்.
வெந்நீர் அங்கேயே இருந்தது.

சீட்டில் எழுதினேன்:
மஞ்சள்: சவரத்துக்கு ஆகாது.
அதற்குக் கீழே ஒரு வரி
இன்னும் காலியாக இருக்கிறது.

இன்று சம்பளம்.
ஃபூ இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிறார்.
"மானா சத்து?"
நீலம், இரண்டு டப்பா.
பத்து வெள்ளி நோட்டை நீட்டுகிறேன்.
கண்ணாடி மேல் வந்து விழுகிறது
மீதி ஒரு வெள்ளி இருபது.
ஃபூ பெட்டியை இன்னும் பூட்டவில்லை.
எனக்குப் பின்னால் ஒருவர்
கோழித் தீவனத்தோடு காத்திருக்கிறார்.