ஒமாரியின் துரு

குத்தாய்சியில் எங்கள் தெருவுக்கு
எரிவாயு மண்ணுக்கடியில் வருவதில்லை.
தோளுயரத்தில், வேலியோடு வேலியாக வரும்.
ஒவ்வொரு வாசலிலும் எழும்பி வளைந்து
வைக்கோல் லாரிக்கு வழிவிட்டு
மறுபடி இறங்கும்.
லாரி வந்து பதினைந்து வருஷமாகிறது.
குழாய் இன்னும் மரியாதைக்கு வளைந்து நிற்கிறது.

அக்டோபர். மழை இரண்டு நாள் விட்டிருந்தது.
போலந்திலிருந்து தாரியேல் போனில் சொன்னான்:
முதலில் வால்வை மூடு,
கம்பி பிரஷ்ஷால் தேய், அழுத்தாதே,
துணியால் துடை, தின்னர் கொஞ்சமாக,
டப்பாவை வெயிலில் வைக்காதே.
லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
என் கையையும் ஓட்டப் பார்த்தான்.
சிக்னல் போய்விட்டது என்றேன்.
போகவில்லை.

மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை பூசினேன்.
எங்காவது குமிழ் வீங்கினால்
எல்லாவற்றையும் போட்டுவிட்டு
கேஸ் ஆபீசுக்கு ஓட வேண்டும்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்,
கசிவது நான்தான் என்பதுபோல.
நுரை சும்மா அடங்கியது.
ஒரு நத்தை மட்டும் கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது.

தேய்க்கத் தேய்க்க
மஞ்சளுக்குக் கீழே இன்னொரு மஞ்சள்,
அதற்குக் கீழே ராணுவப் பச்சை
(எந்தக் கிடங்கிலிருந்து யார் கிளப்பிய டப்பாவோ),
அதற்கும் கீழே
செதில் செதிலாகத் துரு.
நமுத்த பிஸ்கட்போல உதிர்ந்தது.
உதட்டில் ஒட்டியதை நக்கிவிட்டேன்:
பல்லுக்கடியில் ரத்த ருசி.

குழாயின் மேல்பக்கம் யோக்கியம்.
எல்லாக் குற்றமும் அடிப்பக்கத்தில்,
கொக்கி தாங்கும் இடத்தில்,
மழைநீர் கிளம்ப மனசில்லாமல் தங்கிவிடும் இடத்தில்.
பவுடர் டப்பாவின் கண்ணாடியைக்
கீழே பிடித்துப் பார்த்தேன்.
முதலில் என் மூக்கு தெரிந்தது.
பிறகு துரு.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒமாரி.
அவருடைய இசபெல்லா திராட்சைக் கொடி
இரண்டு வீட்டுக் குழாய்மீதும் படர்ந்திருக்கிறது.
பழுத்தால் பக்கம் பார்க்காது,
என் முற்றத்திலும் விழும்.
ஆனால் சுருள்கள் பிடித்த இடமெல்லாம் ஈரம்,
ஈரம் தங்கிய இடமெல்லாம் இது.
ஆறு வருஷம் முன்னால் இதைச் சொன்னேன்.
அதோடு பேச்சு நின்றது.

செங்காவி பிரைமர் அடித்துக்கொண்டே
எல்லைக் கம்பம் வரை போனேன்.
துரு அங்கே நிற்கவில்லை.
நானும் நிற்கவில்லை.
வேலி இடுக்கில் தோள்வரை கையை நுழைத்து
அந்தப் பக்கமும் ஒரு முழம் தேய்த்தேன்.

செருப்புச் சத்தம்.
"அது என் துரு" என்றார் ஒமாரி.
"அதற்குள் வருவது என் அடுப்பு" என்றேன்,
கையை எடுக்காமல்.
நின்றார். இருமினார்.
"சிவப்பாகவா விடப்போகிறாய்?"
"மேலே மஞ்சள் வரும்."
"ம்."
போய்விட்டார்.

மறுநாள் மஞ்சளோடு வந்தேன்.
குலிகோவின் கடையில் கிடைத்தது
பண்ணைக்கோழி முட்டைக் கருவின் மஞ்சள்.
எங்கள் தெருவினுடையது நாட்டுக்கோழி.
பரவாயில்லை, தீக்கு நிறம் தெரியாது என்றாள்.

வந்து பார்த்தால்
கொடியை வெட்டியிருக்கவில்லை.
தூக்கியிருந்தது.
குழாய்க்கு ஒரு சாண் மேலே
புதுக் கம்பி இழுத்து
நீல நைலான் கயிற்றால்
கணுவுக்குக் கணு கட்டியிருந்தது.
இருட்டில் போட்ட முடிச்சுகள்.
ஒன்றுபோல் ஒன்று இல்லை.
சில சுருள்கள் இன்னும்
குழாயின் பருமனுக்குக்
காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

மீட்டர் எண்களுக்கும் வால்வின் கைப்பிடிக்கும்
காகிதம் ஒட்டிவிட்டு
இரண்டு கோட் அடித்தேன்,
கம்பத்துக்கு அப்பால் அந்த முழத்துக்கும் சேர்த்து.
அவர் ஜன்னலில் திரை அசைந்தது.
பூனையாகவும் இருக்கலாம்.

நவம்பர். ஹீட்டர் பற்றிக்கொண்டது.
அடிப்பக்கம் அடித்தாயா என்று கேட்டான் தாரியேல்.
அடித்தேன் என்றேன்.
காலையில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன்.
கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவே
விரல் நுழையாத சந்தில்
நகக்கண் அளவு சிவப்பு.
பிரைமரா, மற்றதா,
மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கிவிட்டது.